முதல் காட்டாற்றுக் கயாக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலகுபு பாருவிலோ கோப்பெங்கிலோ ஒருமுறை ராஃப்ட்டில் இறங்கிய பிறகு, தனக்கென்று ஒரு கயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு) வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் கோலாலம்பூர் வட்டாரத்தில் நம்மவர்களிடையே பலர் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே ஐயங்களாக இருப்பதால், அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். ஓரிடத்தில் விளக்கியதை மறுபடியும் விளக்காமல், கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. புத்ராஜெயா ஏரியில் ஓட்டும் கயாக்குக்கும் காட்டாற்றுக் கயாக்குக்கும் அப்படி என்ன வேறுபாடு?

ஏரிக் கயாக் நேராகச் செல்வதற்காகச் செய்யப்பட்டது; காட்டாற்றுக் கயாக் திரும்புவதற்காகச் செய்யப்பட்டது. ஏரியிலும் கடலிலும் ஓட்டும் படகு நீளமாகவும், அடிப்புறம் நீரோடு நீளவாக்கில் ஒட்டியும் இருக்கும். கடல் கயாக் 5 மீட்டருக்கு மேலும் நீளும். காட்டாற்றுப் படகோ பெரும்பாலும் இரண்டரை மீட்டரை ஒட்டியே இருக்கும். அதன் முன்முனையும் பின்முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கும். இந்த வளைவை ராக்கர் என்பார்கள். ராக்கர் இருப்பதால்தான் அலையின் அடியில் மூக்கு புதையாமல் மேலே ஏறுகிறது. ஒரே துடுப்பு வீச்சில் படகு பக்கவாட்டில் திரும்பவும் முடிகிறது.

இதனால் புதிதாக ஏறுபவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. தேங்கிய நீரில் காட்டாற்றுக் கயாக் நேராகப் போகவே போகாது. இரண்டு வீச்சுக்கு ஒருமுறை மூக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ ஓடிவிடும். அது படகின் குறையன்று, அதன் இயல்பு. பழகப் பழக இடுப்பும் துடுப்பும் தாமாகவே அதைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ளும்.

2. ஷாப்பியிலும் லசாடாவிலும் மலிவாகக் கயாக் கிடைக்கிறதே, முதலில் அதை வாங்கிப் பழகினால் ஆகாதா?

அங்கே பெரும்பாலும் கிடைப்பவை மேலே உட்கார்ந்து ஓட்டும் மீன்பிடிக் கயாக்குகளும், அகன்ற வாயுடைய (வாய் என்பது உட்காரும் திறப்பு) பொழுதுபோக்குக் கயாக்குகளும்தான். ஏரிக்கும் அமைதியான கரையோரத்துக்கும் அவை நல்லவை. ஆனால் பாறைகளுக்கு நடுவே ஓடும் நீரில், உங்கள் தொடையும் இடுப்பும் படகைப் பிடித்துக்கொள்ள அவற்றில் எதுவுமே இருக்காது. அகன்ற வாய்க்கு இறுக்கமான ஸ்பிரே டெக் (இடுப்பைச் சுற்றி அணிந்து, நீர் புகாமல் வாயை மூடும் உறை) பொருந்தாது. முதல் அலையிலேயே படகு நிரம்பும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதை நினைவில் வையுங்கள். 200 லிட்டர் நீர் புகுந்த படகு, ஓடும் ஆற்றில் 200 கிலோ எடையோடு பாறையை நோக்கிப் போகும். அதற்கும் பாறைக்கும் இடையில் எவரும் சிக்கக் கூடாது.

3. கிரீக் போட், ரிவர் ரன்னர், பிளே போட், ஹாஃப் ஸ்லைஸ் என்று அடுக்குகிறார்கள். நான் எதைத்தான் பார்ப்பது?

ரிவர் ரன்னரைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதையே வையுங்கள்: முதல் படகு, நீங்கள் தவறு செய்யும்போது உங்களைப் பொறுத்துக்கொள்ளும் படகாக இருக்க வேண்டும், அதே சமயம் நீங்கள் தவறு செய்தீர்கள் என்பதை உணர்த்தவும் வேண்டும். இரண்டையும் ஓரளவு சமமாகச் செய்வது ரிவர் ரன்னர்தான்.

கிரீக் போட் கொள்ளளவு மிகுந்தது. அருவி போல் விழும் செங்குத்தான சிற்றாறுகளுக்காக உருவானது. அதன் விளிம்புகள் உருண்டையாக இருப்பதால் எளிதில் கவிழாது. பிளே போட் 2 மீட்டருக்கும் குட்டையானது. முனைகள் தட்டையாக இருப்பதால் ஒரே அலையில் நின்று வித்தை காட்டலாம், ஆனால் ஆற்றின் வழியே பயணம் செய்வது கடினம். ஹாஃப் ஸ்லைஸில் முன்பாதி பருத்தும் பின்பாதி மெலிந்தும் இருக்கும். ரிவர் ரன்னர் இவற்றுக்கெல்லாம் நடுவே நிற்கிறது: முனைகளில் போதிய பருமன், அளவான ராக்கர், கூர்மையும் அல்லாத முழுதும் உருண்டையும் அல்லாத விளிம்பு.

டாகர் நிறுவனத்தின் மாம்பா, பிரானாவின் பர்ன், லிக்விட்லாஜிக்கின் ரீமிக்ஸ் ஆகியவை பல ஆண்டுகளாக உலகெங்கும் புதியவர்களின் கைக்கு வந்துகொண்டிருப்பவை. இவற்றின் பழைய வடிவங்கள் இன்றும் நன்றாகவே ஓடும். புது வடிவத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

4. எழுதப்பட்டிருக்கும் எண்கள் எதைக் குறிக்கின்றன? 8.1 என்கிறார்கள், 69 என்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை.

குழப்பம் நியாயமானதே, ஏனென்றால் நிறுவனத்துக்கு நிறுவனம் எண்ணின் பொருள் மாறும். மாம்பா 7.6, 8.1, 8.6 என்பவை அடிக்கணக்கில் நீளத்தைக் குறிப்பவை. ரீமிக்ஸ் 59, 69, 79 என்பவை அமெரிக்க கேலனில் கொள்ளளவைக் குறிப்பவை. ஒரு கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர் என்பதால் 69 என்பது சுமார் 260 லிட்டர், 79 என்பது சுமார் 300 லிட்டர். எண்ணை எண்ணோடு ஒப்பிடாமல், லிட்டரை லிட்டரோடு ஒப்பிடுங்கள்.

5. என் எடை 92 கிலோ. கடைக்காரர் நடுத்தர அளவே போதும் என்கிறார். நம்பலாமா?

ஒவ்வொரு படகுக்கும் அதைச் செய்த நிறுவனம் ஓர் எடை வரம்பைத் தருகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது காலையில் நிறுவையில் காணும் எடையை அல்ல. நனைந்த உடை, லைஃப் ஜாக்கெட், தலைக்கவசம், தண்ணீர்ப் புட்டி, மீட்புக் கயிறு எல்லாம் சேர்ந்த எடையை. அந்த மொத்த எடை வரம்பின் நடுப்பகுதியில் விழுந்தால் அளவு சரி. மேல் எல்லையை உரசினால், புதியவரான நீங்கள் அடுத்த பெரிய அளவைக் கேட்பதே நல்லது. படகு சிறிதாகிவிட்டால் அதன் பின்பகுதி நீரில் தாழ்ந்து போகும். நீரோட்டம் அந்தத் தாழ்ந்த விளிம்பின் மேல் ஏறி, ஏன் கவிழ்ந்தோம் என்று உங்களுக்கே புரியாதபடி கவிழ்த்துவிடும்.

அதற்காக, பெரியதே பாதுகாப்பு என்று இரண்டு அளவு தாண்டியும் போகக் கூடாது. உங்கள் இடுப்பின் அசைவுக்குச் சாயாத படகை ஆறுதான் ஓட்டும், நீங்கள் ஓட்ட மாட்டீர்கள். குள்ளமான, எடை குறைந்த பெண்களுக்கும் பதின்ம வயதினருக்கும் இது அடிக்கடி நேர்கிறது: கிளப்பில் மிச்சமிருக்கும் ஆண்களுக்கான படகில் உட்காரவைக்கப்படுகிறார்கள்; படகு சொல்பேச்சு கேட்காததைத் தங்கள் திறமைக் குறைவு என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். சிறிய அளவுப் படகுகள் தனியாகவே செய்யப்படுகின்றன. அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

6. கடையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். உட்கார்ந்தால் என்னவென்று தெரியும்?

மிக நிறையத் தெரியும். சொல்லப்போனால் எந்த விமர்சனக் கட்டுரையையும் விட அதிகமாகத் தெரியும். படகைத் தரையில் ஒரு பாயின் மேல் வைத்து, ஆற்றில் அணியப்போகும் காலணியோடு உட்காருங்கள். முதலில் பாதங்கள். உள்ளங்காலின் முன்பகுதி, முன்னால் இருக்கும் கால்தடுப்புப் பலகையில் பதிய வேண்டும். விரல்கள் மடங்கக் கூடாது, பாதம் பலகையைத் தாண்டி நழுவவும் கூடாது. பெரிய பாதம் உடையவர்களுக்குச் சில மாதிரிகளில் இடமே இருக்காது. எடை வரம்பு சரியாக இருந்தும் அந்தப் படகை விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்து முழங்கால்கள். அவை வெளிப்புறமாக விரிந்து, தொடைத்தாங்கிகளின் கீழே இயல்பாக அமர வேண்டும். இடுப்பின் இருபுறமும் மெத்தைகள் தொட வேண்டும், ஆனால் நசுக்கக் கூடாது. ஒரு விரல் சிரமப்பட்டு நுழையும் அளவு இருந்தால் போதும். முதுகுப்பட்டை இடுப்பெலும்பின் பின்பக்கத்தைத் தாங்க வேண்டுமே தவிர, நாற்காலி போல் முதுகு முழுவதையும் தாங்கக் கூடாது. இப்போது வலது முழங்காலை மேல்நோக்கி அழுத்துங்கள். உங்களோடு படகும் அதே கணத்தில் சாய்ந்தால் பொருத்தம் சரி. நீங்கள் அசைந்து சற்றுக் கழித்துப் படகு அசைந்தால், மெத்தை சேர்க்க வேண்டும். மெத்தைகளையும் தாங்கிகளையும் நகர்த்தியும் ஒட்டியும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், முதல் முயற்சியிலேயே எல்லாம் பொருந்தவில்லை என்று படகை ஒதுக்க வேண்டாம்.

பிறகு கால்மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருங்கள். கால் மரத்துப்போனால், கால்தடுப்பைச் சற்று முன்னால் தள்ளியும் தொடைக்கு அடியில் தாங்கல் வைத்தும் மறுபடியும் பாருங்கள். அப்படியும் மரத்தால் அந்தப் படகு உங்கள் உடலுக்கு உரியதன்று.

7. இவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்து, கவிழ்ந்தால் உள்ளேயே மாட்டிக்கொள்ள மாட்டேனா?

எல்லோர் மனத்திலும் முதலில் எழும் அச்சம் இது. பலர் கடைசியில்தான் வாய்விட்டுக் கேட்கிறார்கள். இறுக்கம் உங்களை உள்ளே பூட்டி வைப்பதில்லை. முழங்கால்களை ஒன்றாகச் சேர்த்து, இரு கைகளால் படகு வாயின் விளிம்பைத் தள்ளினால், உடல் முன்னோக்கி உருண்டபடி வெளியே வந்துவிடும். வெட் எக்ஸிட் எனப்படும் இதைத்தான் முதல் பாடமாக, நெஞ்சளவு நீரில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்கக் கற்றுக்கொள்வார்கள்.

கவனிக்க வேண்டியது ஸ்பிரே டெக்கின் முன்னால் இருக்கும் இழுவளையத்தை. டெக்கை மாட்டும்போது அந்த வளையம் உள்ளே மடங்கிப்போகாமல் வெளியே கிடக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள். அதை முன்னோக்கி இழுத்து, பிறகு மேலே தூக்கினால் டெக் கழன்றுவிடும். டெக் உங்கள் படகின் வாய் அளவுக்கே வாங்கப்பட்டதாக இருக்க வேண்டும். மிக இறுகிய டெக்கைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது.

8. கிரீக் போட் எளிதில் கவிழாது என்று 3இல் நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகு ஏன் அதையே வாங்கக் கூடாது?

வாங்கலாம், தவறில்லை. ஆற்றைக் கண்டு மிகவும் அஞ்சுபவருக்கு அது நல்ல முடிவாகவும் அமையும். ஆனால் பாறைக்குப் பின்னால் மேல்நோக்கித் திரும்பி ஓடும் அமைதியான நீருக்குள், அதாவது எடிக்குள், படகை நுழைத்து நிறுத்துவதுதான் காட்டாற்றின் அரிச்சுவடி. அதற்கு விளிம்பு தண்ணீரைப் பிடித்துத் திரும்ப வேண்டும். உருண்டை விளிம்புள்ள படகில் எடிக்கோட்டை, அதாவது எடியும் ஓடும் நீரும் சந்திக்கும் எல்லையை, கடந்து சறுக்கிக்கொண்டே போய்விடுவீர்கள். தவறு எங்கே நடந்தது என்று படகு உங்களுக்குச் சொல்லாது. நம் பக்கத்து ஆறுகளில் தொடங்குபவருக்கு அவ்வளவு கொள்ளளவு தேவைப்படும் இடங்களும் குறைவு.

9. யூடியூபில் எல்லோரும் ஹாஃப் ஸ்லைஸில் பின்முனையை அமிழ்த்தி நிற்கிறார்கள். எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது.

பிடித்திருப்பது இயல்பு, பார்க்கவும் அழகு. ஆனால் அவர்கள் வேண்டுமென்றே அமிழ்த்தும் அதே மெல்லிய பின்முனை, உங்களிடம் வேண்டாத நேரத்தில் அமிழும். ரோல் அடித்து எழுவது, அதாவது கவிழ்ந்த படகை உள்ளிருந்தபடியே நிமிர்த்துவது, பத்துக்கு எட்டு முறையாவது ஆற்றிலேயே கைகூடிய பிறகு ஹாஃப் ஸ்லைஸுக்குப் போங்கள். அப்போது அது உங்களுக்கு மிக நல்ல ஆசிரியராக இருக்கும். அதற்கு முன் வாங்கினால், ஒவ்வொரு வாரமும் நீந்தித்தான் கரையேறுவீர்கள். அடிக்கடி நீந்துபவர்கள் சீக்கிரம் இந்த விளையாட்டை விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

10. அப்படியென்றால் ரோல் கற்ற பிறகுதான் படகே வாங்க வேண்டுமா? எனக்கு நீச்சலும் சுமார்தான்.

ரோலுக்காகக் காத்திருக்க வேண்டாம், நீச்சலுக்காகக் காத்திருங்கள். ரோல் உங்கள் உடலுக்குப் பொருந்திய படகில்தான் விரைவில் வரும், ஆகவே சொந்தப் படகு அதற்கு உதவியே செய்யும். நீச்சல் அப்படியல்ல. லைஃப் ஜாக்கெட் உங்களை மிதக்கவைக்கும், கரைக்குக் கொண்டுசேர்க்காது. ஓடும் நீரில் மல்லாந்து, பாதங்களை நீரோட்டத்தின் கீழ்த்திசைக்கு நீட்டி, விரல்களை மேலே தூக்கி மிதக்கவும், வாய்ப்புக் கிடைத்ததும் குப்புறத் திரும்பிக் கரையை நோக்கி வலுவாக நீந்தவும் தெரிய வேண்டும். முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் நீரோட்டம் உடலைக் கவிழ்த்து அழுத்திவிடும்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கோ இரவலாகவோ இரண்டு மூன்று மாதிரிகளையாவது ஓட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்காமல் வாங்கிய படகுதான் அதிகமாக விற்பனைக்கு வருகிறது.

11. யாரோ ஒருவர் பழைய படகை விற்கிறார். என்னென்ன பார்க்க வேண்டும், அண்ணே?

முதல் படகைப் பழையதாக வாங்குவதையே நான் விரும்புகிறேன். காட்டாற்றுக் கயாக்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் நெகிழியை அச்சில் சுழற்றி வார்த்துச் செய்யப்படுபவை. கீறல்களை அவை பொருட்படுத்துவதில்லை. மெலிவையும் வெடிப்பையும்தான் தேட வேண்டும். படகைக் குப்புறக் கவிழ்த்து, இருக்கைக்கு நேர் கீழே உள்ள இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கரையிலிருந்து பாறைமேல் இழுத்து இறக்கும்போதெல்லாம் உங்கள் முழு எடையும் தேய்வது அங்கேதான். வேறிடங்களை விட அங்கே மெத்தென்று உள்வாங்கினால் நெகிழி தேய்ந்துவிட்டது. வெளிர்நிறப் படகென்றால், மாலை மங்கியதும் உள்ளே ஒரு டார்ச் விளக்கை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். தேய்ந்த இடம் தனியே பிரகாசமாகத் தெரியும்.

அடுத்து இருக்கையின் திருகாணித் துளைகள், வாயின் விளிம்பு, நீர் வடிக்கும் அடைப்பான் இருக்கும் இடம் ஆகியவற்றில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். முனைகளில் உள்ள கைப்பிடிகளை முழு பலத்தோடு இழுங்கள். மீட்கும்போது உயிர் அவற்றில்தான் தொங்குகிறது. அனுமதித்தால் உள்ளே சில வாளித் தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்றும் பார்க்கலாம். அடிப்புறம் உள்ளே குழிந்திருப்பது பெரிய குறையன்று. வெயிலில் சூடேற்றி உள்ளிருந்து தள்ளினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

நம் ஊரில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: படகு எங்கே வைக்கப்பட்டிருந்தது? ஆண்டு முழுதும் அடிக்கும் நம் வெயில் நெகிழியை வெளிறவைத்து நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். நிறம் மங்கி, மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியது போல் கையில் ஒட்டினால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வெடிப்பை ஒட்டித் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால், அது எந்த வகை நெகிழி என்று கேளுங்கள். சாதாரணப் பாலிஎத்திலீனை உருக்கி ஒட்டலாம், குறுக்குப் பிணைப்புள்ள வகையை அப்படி ஒட்ட முடியாது.

12. கையில் இருக்கும் பணம் முழுவதையும் படகுக்கே செலவிடலாமா?

கூடாது. தலைக்கவசம், லைஃப் ஜாக்கெட், துடுப்பு, ஸ்பிரே டெக், படகின் பின்பகுதியில் அடைக்கும் காற்றுப்பைகள், மீட்புக் கயிற்றுப்பை, ஒரு நல்ல பயிற்சி வகுப்பு ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் படகைத் தேடுங்கள். தலைக்கவசத்தில் ஈஎன் 1385 என்ற தர முத்திரையைப் பாருங்கள். அது துடுப்புப் படகோட்டத்துக்கென வகுக்கப்பட்ட தரம். மிதிவண்டித் தலைக்கவசம் அதற்கு ஈடாகாது. லைஃப் ஜாக்கெட் ஐஎஸ்ஓ 12402-5 தரத்தில், தோளைப் பிடித்து மேலே இழுத்தாலும் கழுத்துக்கு ஏறாதபடி பொருந்த வேண்டும்.

துடுப்பு 190 முதல் 200 சென்டிமீட்டர் போதும். ஏரிக் கயாக்கோடு வரும் 220 சென்டிமீட்டர் துடுப்பு, குட்டைப் படகில் தோள்பட்டையை வருத்தும்.

13. கோலாலம்பூரிலிருந்து எந்த ஆற்றுக்குப் போவது? அதைப் பொறுத்துப் படகு மாறுமா?

மாறும். நீங்கள் அடுத்த ஓராண்டில் உண்மையிலேயே இறங்கப்போகும் ஆற்றுக்காக வாங்குங்கள். ஆறுகளின் கடினம் 1 முதல் 6 வரை நிலைகளாக அளக்கப்படுகிறது. நமக்கு அருகில் கோலகுபு பாருவில், அணைக்குக் கீழே ஓடும் சிலாங்கூர் ஆறு இருக்கிறது. அணையிலிருந்து எவ்வளவு நீர் திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். பிளஸ் நெடுஞ்சாலையில் சுமார் இரண்டு மணி நேரம் வடக்கே போனால் கோப்பெங்கில் கம்பார் ஆறு; 1 முதல் 3ஆம் நிலை வரையிலான ஜெராம்கள் (பாறைகளிடையே நீர் வேகமாகப் பாயும் இடங்கள்) அங்கே உண்டு. இரண்டிலும் நீர் குறைந்த நாளில் பாறைகள் அடிப்புறத்தை ஓயாமல் உரசும். ஆகவே தடித்த அடிப்புறமும் ரிவர் ரன்னரின் உருவமும் பொருந்தும். சபாவின் பாடாஸ் ஆறு 3, 4ஆம் நிலைகளைச் சேர்ந்தது. அதற்கென்று இப்போதே படகு வாங்க வேண்டாம். சபாவிலேயே கியூலு ஆறு புதியவருக்கு ஏற்றது.

எந்தப் படகில் இறங்கினாலும் கெப்பாலா ஆயர் எனப்படும் திடீர் மலைவெள்ளத்தை மறக்காதீர்கள். மலைமேல் பெய்த மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் தெளிந்திருக்கும்போதே திடீர் வெள்ளமாக இறங்கிவரும். நீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், அல்லது மேலேயிருந்து இரைச்சல் கேட்டால், படகைப் பற்றி யோசிக்காமல் உயரமான இடத்துக்கு ஏறிவிடுங்கள். பிற்பகல் இடிமழை மிகுந்த ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் காலையிலேயே இறங்கி, மதியத்துக்குள் கரையேறிவிடுவது நல்ல பழக்கம்.

14. கொண்டோமினியத்தில் இருக்கிறேன், கார் மைவி. இதெல்லாம் எனக்குச் சாத்தியமா?

சாத்தியம். மைவி ஏறத்தாழ 3.9 மீட்டர் நீளம். இரண்டரை மீட்டர் படகு அதன் கூரையில் வசதியாக அடங்கும். கூரைத் தாங்கியும் இரண்டு இறுக்குப் பட்டைகளும் வேண்டும். கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள். படகு பெரும்பாலும் 20 கிலோவை ஒட்டியிருக்கும். மின்தூக்கிக்குள் படகைச் சாய்வாக நிறுத்த முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். வீட்டில் வெயில் படாத மூலையில், பின்முனை கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தினால் குறைந்த இடமே பிடிக்கும்.

15. வார இறுதியில் ஆறு, விடுமுறையில் போர்ட் டிக்சன் கடல். இரண்டுக்கும் ஒரே படகு கிடையாதா?

உண்டு, கிராஸ்ஓவர் என்பார்கள். மூன்று மீட்டர் அளவு நீளமும், தேவைப்படும்போது கீழே இறக்கும் ஸ்கெக் என்ற சிறு தகடும் இருக்கும். தகட்டை இறக்கினால் நேராகப் போகும், ஏற்றினால் ஓரளவு திரும்பும். லிக்விட்லாஜிக்கின் ரீமிக்ஸ் எக்ஸ்பி இந்த வகை. 1, 2ஆம் நிலை ஆறுகளோடும் அமைதியான கடலோடும் நிறைவடைபவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் பாறைகளுக்கு நடுவே சட்டென்று திரும்ப வேண்டிய இடங்களில் அந்தக் கூடுதல் நீளம் தடையாகும். ஆற்றில் முன்னேற வேண்டும் என்ற எண்ணம் உறுதியாக இருந்தால் 3இல் சொன்னதையே வாங்கி, கடலுக்கு வாடகைப் படகு எடுத்துக்கொள்ளுங்கள்.

16. படகு வாங்கி நாலைந்து மாதமாகியும் முன்னேற்றமில்லை. குறை என்னிடமா, படகிடமா?

இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. உங்கள் அளவுக்கு ஒத்த, நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரை உங்கள் படகில் உட்காரவைத்து, நீங்கள் தடுமாறும் அதே எடிக்குள் நுழையச் சொல்லுங்கள். அவருக்கு எளிதாக வந்தால் படகில் குறையில்லை. அவர் எந்த இடத்தில் துடுப்பை ஊன்றுகிறார், எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கரையிலிருந்து பாருங்கள். அவரும் தடுமாறினால், முதலில் 6இல் சொன்ன மெத்தைகளைச் சரிபாருங்கள். தளர்ந்த இடுப்பு மெத்தையும் பின்னோக்கி நழுவிய இருக்கையும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். இருக்கையை ஒரு விரற்கடை முன்னால் நகர்த்தியதும் பின்முனை அமிழ்வது நின்றுவிடுவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகும் படகு உங்களுக்கு ஒத்துவராவிட்டால், 5இல் சொன்ன எடை வரம்பை மறுபடி பாருங்கள். வாங்கியபோது இருந்த எடை இப்போது மாறியிருக்கலாம். அளவு தவறு என்று உறுதியானால் தயங்காமல் விற்றுவிடுங்கள். வெயில் படாமல் வைத்திருந்த படகு நல்ல நிலையில் இருக்கும். சரியான எடையுள்ள அடுத்தவருக்கு அது பயன்படும். விற்கும்போது இருக்கைக்குக் கீழே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை நீங்களே முதலில் காட்டிவிடுங்கள்.